அலுமாரியில் மிஞ்சியது

பாரிஸிலோ லண்டனிலோ பழைய டிசைனர் உடுப்பு ஒன்றைக் கையில் எடுப்பவர் முதலில் கழுத்துப் பக்கத்தைத் திருப்பி உள்ளே தைத்திருக்கும் பெயரைப் பார்ப்பார். யாருடைய கடை, எந்தக் காலம், என்ன விலை போகும் என்பதெல்லாம் அந்தச் சின்னத் துணித்துண்டில் இருக்கிறது. திருகோணமலை லிங்கநகரில் ஒரு வீட்டு அலுமாரியிலிருந்து ஐம்பது வருசச் சீலை ஒன்று வெளியே வந்தால் கேள்வி வேறு: “இது எப்படித் தப்பிச்சுது?”

1983, 1985, 1987, 1990. திருகோணமலையில் வாழ்ந்தவர்களுக்கு இந்த ஆண்டுகளை விளக்கத் தேவையில்லை. கலவரத்திலும் போரிலும் ஓடும்போது கையில் எடுத்தவை காணி உறுதி, அடையாள அட்டை, நகை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். உடுப்பு வகையில் கூறைச் சீலைக்கு மட்டும் சில வீடுகளில் இடம் கிடைத்தது. விட்டுப்போன றங்குப்பெட்டிகள் என்னவாயின என்று திரும்பி வந்தவர்களுக்குத்தான் தெரியும். அதிலும் மிஞ்சியவற்றில் கரையோர வீடுகளில் இருந்ததைக் கடல் 2004 டிசம்பரில் கொண்டுபோனது. அதனால், ‘அம்மம்மாவின் அலுமாரியைத் திறந்து உங்கள் பாணியைக் கண்டுபிடியுங்கள்’ என்று ஃபாஷன் பக்கங்கள் சொல்லும் யோசனை இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்தாது. அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு ஸ்டூடியோப் படம்; இல்லாவிட்டால் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் பெரியம்மாவின் சூட்கேஸில் கிடக்கும் இரண்டு சீலை.

ஆனாலும் தேடுகிறார்கள். கோணேசர் நகர்வலம் வருகிற நாட்களில் வாசலில் கும்பம் வைத்து நிற்கும் இளம்பெண்களைக் கவனித்தால் தெரியும். கல் பதித்த புதுச் சீலைகளுக்கு நடுவே அங்கொன்று இங்கொன்றாக ஒரு பழைய மணிப்புரி, ஒரு மங்கிய பத்திக், முழங்கை தொடும் சட்டைக் கை. இவர்கள் பழசைத் தேடுவது சிக்கனத்துக்காக மட்டும் என்று நான் நம்பவில்லை. கடையில் எல்லோருக்கும் ஒரே சீலைதான் கிடைக்கிறது என்ற அலுப்பு அதில் இருக்கிறது. அந்த அலுப்பு நல்லது. அதை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய டிசைனர் உடுப்பிலிருந்து எடுக்க வேண்டியது அதை வெட்டியவரின், நிறம் சேர்த்தவரின் கண். அந்தக் கண் கிடைத்துவிட்டால் உடுப்பு நம்மிடம் இருந்தாலும் ஒன்று, படத்தில் இருந்தாலும் ஒன்று.

மாலுமியின் கால்சட்டை

பக்கத்தில் இருக்கும் துறைமுகத்திலிருந்தே தொடங்கலாம். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியாவின் கிழக்குக் கடற்படை நின்ற இடம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட இடம். 1957இல் பிரித்தானியர் கையளித்துவிட்டுப் போன இடம். அந்தக் கப்பல்களிலிருந்து இறங்கி நகருக்குள் வந்த மாலுமிகளின் உடுப்பை நினைத்துப் பாருங்கள். முதுகில் சதுரமாக விழும் கொலர், அதில் வெள்ளைக் கோடுகள். கீழே அகன்று விரியும் கால்சட்டை. கப்பல் தளத்தைக் கழுவும்போது முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட அந்த அகலம் வசதி என்பார்கள். மடிப்புக்கூட நம் காற்சட்டைபோல நெடுக்காக இல்லாமல் குறுக்காக இருக்கும். கப்பலின் சின்னப் பெட்டிக்குள் மடித்து வைக்க வேண்டுமே. அழகுக்கென்று அதில் ஒன்றுமில்லை, எல்லாம் வேலைக்காக.

இப்படிப்பட்ட மாலுமி உடுப்பைத்தான் பாரிஸ் எடுத்துக்கொண்டது. கோகோ ஷனேல் மாலுமிகளின் கோடு போட்ட பனியனைப் பெண்களுக்குக் கொண்டுவந்தார். ஈவ் சான் லோரான் 1962 ஜனவரியில் தன் சொந்தப் பெயரில் நடத்திய முதல் காட்சியைத் தொடங்கியதே மாலுமிகளின் கம்பளிக் கோட்டோடுதான். எழுபதுகளில் சினிமா வழியாகப் பெல்பொட்டம் வந்தபோது நம் அண்ணன்மார் அதை வெளியூர்ப் புதுமை என்று போட்டுத் திரிந்தார்கள். அவர்களின் அப்பாமார் அதே வெட்டை முப்பது வருசம் முன்பே தங்கள் ஊர்த் தெருவில் பார்த்திருந்தார்கள்! பாரிஸ்காரருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பதை உடுப்பாகப் பார்க்கிற பழக்கம் நமக்கு இல்லை, அவ்வளவுதான்.

திருகோணமலை வெயிலில் கம்பளிக் கோட்டு யாருக்கும் வேண்டாம். அதன் கருநீலம், இரட்டைப் பொத்தான் வரிசை, அந்தச் சதுரக் கொலர், இவற்றைப் பருத்தித் துணியில் கேட்டால் எந்தத் தையல்காரரும் தைப்பார்.

நிறத்துக்கு ஒரு பெண், மெழுகுக்கு ஒரு பெண்

இலங்கையில் ‘விண்டேஜ் டிசைனர்’ என்று யாரையாவது சொல்வதானால் இரண்டு பெண்களைச் சொல்ல வேண்டும். இருவருமே ஃபாஷன் படித்தவர்கள் இல்லை.

பார்பரா சன்சோனி 1928இல் கண்டியில் பிறந்தவர். கொடைக்கானலில் கன்னியர் பள்ளியில் படித்து, பிறகு லண்டனில் ஓவியம் பயின்றவர். ஐம்பதுகளின் இறுதியில், வசதியில்லாத பெண்களுக்குத் தொழிலாக நெசவு கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கன்னியர் மடத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. அழைத்தவர் மதர் குட் கவுன்சில் என்ற ஐரிஷ் கன்னியாஸ்திரி. பெண்கள் நன்றாக நெய்கிறார்கள், நெய்வதற்கு நல்ல வடிவம் இல்லை, வந்து உதவ முடியுமா என்பது கோரிக்கை. அதிலிருந்து வளர்ந்ததுதான் 1964இல் கொழும்பில் தொடங்கிய ‘பெயார்ஃபுட்’ கடை. 2022இல் காலமாகும் வரைக்கும் அவர் பெயர் அந்தத் துணிகளோடேயே இருந்தது.

அவர் செய்ததைத் தொழில் கோணத்தில் பார்க்க வேண்டும். சாதாரணக் கைத்தறியில் பூவும் கொடியும் லேசில் வராது. கோடும் கட்டமும் வரும். ‘சாரத் துணி’ என்று மற்றவர்கள் ஒதுக்கிய அந்தக் கோட்டையும் கட்டத்தையும்தான் அவர் தன் முழுச் சொத்தாக எடுத்துக்கொண்டார். தறியை மாற்றவில்லை, நிறத்தை மாற்றினார். கடும் ரோசாவுக்குப் பக்கத்தில் செம்மஞ்சள். பச்சையை ஒட்டி நீலம், அதை ஒட்டி ஊதா. ‘ஒன்றுக்கொன்று ஒவ்வாது’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கடையிலேயே திருப்பி வைக்கும் சேர்க்கைகள் இவை. ஆனால் நம் கடலையும் கோயில் கோபுரத்தையும் மீன் வாடியின் வள்ளங்களையும் பார்த்தவர்களுக்கு அவை எப்படி ஒவ்வாமல் போகும்? வெயில் கடுமையான நாட்டில் மங்கல் நிறம் இன்னும் மங்கிப்போகும். கடும் நிறம்தான் நிறமாகத் தெரியும். குளிர்நாட்டுச் சஞ்சிகைகளைப் பார்த்து பழுப்பும் சாம்பலும் வாங்கிக்கொள்பவர்கள் அவருடைய பழைய துணி ஒன்றை பகல் வெளிச்சத்தில் ஒருதரம் பிடித்துப் பார்க்க வேண்டும்.

மற்றவர் எனா டி சில்வா (1922–2015). அறுபதுகளின் தொடக்கத்தில் தன் மகனோடும், ஓவியர் லக்கி சேனாநாயக்கவோடும் சேர்ந்து பத்திக் செய்யத் தொடங்கினார். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அவருக்குக் கட்டிய வீட்டைப் பற்றிப் புத்தகங்களில் நிறைய இருக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமானது பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்பு மண்டபக் கூரை. சீலையாகக் கட்ட வேண்டிய துணியை அண்ணாந்து பார்க்கும் கூரையாக்கியவர் அவர். ஒரு கை அகலக் கரையில் சின்னச் சின்னப் பூவாக அடங்கிக்கிடந்த வடிவங்களை அவர் பெரிதாக்கினார். கொடிச் சின்னங்கள், மிருகங்கள், சூரிய சந்திரர் எல்லாம் துணி முழுவதையும் நிறைத்தன. பழைய எனா பத்திக் ஒன்றை உடுத்தியவர் நூறு பேர் நடுவிலும் தனியாகத் தெரிவது இந்த அளவினால்தான்.

பத்திக் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அதைப் பார்க்கும் விதம் மாறும். சாயம் ஏறக்கூடாத இடத்தை உருக்கிய மெழுகால் மூடுவார்கள். துணியைச் சாயத்தில் தோய்ப்பார்கள். அடுத்த நிறத்துக்கு மறுபடி மெழுகு, மறுபடி தோய்ப்பு. கடைசியில் கொதிநீரில் மெழுகைக் கரைத்து எடுப்பார்கள். இடையில் மெழுகு வெடித்த இடங்களில் சாயம் மயிர்க்கோடாகப் புகுந்திருக்கும். அந்தக் கோடு எந்த இரண்டு சீலையிலும் ஒரே மாதிரி விழாது. இப்போது அச்சடித்து விற்கும் ‘பத்திக்’கில் அந்த வெடிப்பும் அச்சுதான், சாணுக்குச் சாண் அதே வெடிப்பு திரும்பி வரும். துணியைப் புரட்டினால் பின்பக்கம் வெளிறியிருக்கும். உண்மைப் பத்திக்கில் இரண்டு பக்கமும் நிறம் ஏறியிருக்கும்.

கைத்தறி, பத்திக் இரண்டும் நாடு முழுக்கப் பரவியதற்கு அரசியலும் காரணம். 1970க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. வெளிநாட்டுத் துணி கடையில் இல்லை. கைத்தறியும் பத்திக்கும் விரும்பியோ விரும்பாமலோ எல்லோருடைய உடுப்பும் ஆயின. மருதமுனைத் தறிகள் ஓய்வில்லாமல் ஓடிய காலம் அது. 1977இல் பொருளாதாரம் திறந்தது. நைலெக்ஸும் ஜப்பான் துணியும் வந்து குவிய, அதுவரை வேறு வழியில்லாமல் உடுத்தியவர்கள் ஒரே நாளில் கைத்தறியைக் கைவிட்டார்கள். பஞ்சகால உடுப்பு என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அதே துணியைக் கொழும்பில் உயர்ந்த விலைக்கு வாங்குகிறார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கிறது. அவர்களுடைய சிரிப்பில் நியாயமும் இருக்கிறது.

பளையகாட்டும் நியூயோர்க்கும்

ஆண்கள் கோபிக்கக்கூடாது, அவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். காலையில் வலையை இழுக்கிறவரின் இடுப்பில் இருக்கிறதே கட்டம் போட்ட பளையகாட் சாரம், அதன் சொந்தக்காரத் துணி ஒன்று அமெரிக்கப் பணக்காரர்களின் கோடைக்காலக் கோட்டாக இருந்திருக்கிறது. சென்னையைச் சுற்றிய ஊர்களில் நெய்த மெட்ராஸ் கட்டத் துணியை 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற வியாபாரி வாங்கி நியூயோர்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றார். விற்றவர் கேப்டன் சி.பி. கிருஷ்ணன். சாயம் போகும், குளிர்ந்த நீரில் மெதுவாகத் துவைக்க வேண்டும் என்று அவர் எச்சரித்ததை ஜேக்கப்சன் கடைக்குச் சொல்லவில்லை. வாங்கியவர்கள் மெஷினில் போட்டார்கள், சாயம் ஒன்றோடொன்று கலந்தது, புகார் குவிந்தது. விளம்பரக்காரர்கள் கதையைப் புரட்டிப் போட்டார்கள்: சாயம் போவதற்கு உத்தரவாதம், ஒவ்வொரு சலவைக்கும் புதுச் சட்டை என்று. குறை பெருமையாகிவிட்டது. இன்றைக்கு அந்தக் காலத்துச் சாயம் போன மெட்ராஸ் கோட்டுகளைப் பழைய உடுப்புச் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். கலியாண வரவேற்புக்குப் பளபளக்கும் செயற்கைத் துணிக் கோட்டில் வியர்த்து நிற்கும் மாப்பிள்ளைமாருக்கு, நல்ல பளையகாட் கட்டத்தில் ஒரு பருத்திக் கோட்டு தைத்துப் பார்க்கலாம் என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

சரிகைக்காக எரிந்தவை

பட்டுக்கு வந்தால், ருக்மிணி தேவி அருண்டேலைத் தாண்டிப் போக முடியாது. 1936இல் சென்னையில் கலாக்ஷேத்ரா கலைப்பள்ளியைத் தொடங்கியவர், அடுத்த ஆண்டே அங்கே ஒரு நெசவுப் பகுதியையும் தொடங்கினார். நடனம் ஆடுபவருக்கு ஏற்ற சீலை சந்தையில் இல்லை என்பது அவருடைய குறை. பழைய சீலைகளைப் பார்த்து, அகன்ற கரையையும் உடலுக்கு எதிர் நிறத்தையும் மீட்டெடுத்தார். உடலும் கரையும் தனித்தனி ஊடையில் ஓடி இணையும் கோர்வை நெசவுக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும், மூன்று நாடா வேண்டும். நேரம் தின்னும் வேலை. ஈழத்திலிருந்து அங்கே நடனமும் இசையும் படிக்கப் போய்த் திரும்பிய பெண்கள் அந்தச் சீலைகளோடு வந்தார்கள். நம் ஊர்களில் நடன ஆசிரியைகளுக்கென்று ஒரு தனித் தோற்றம் இருந்ததென்றால் அதன் வேர் அங்கே இருக்கிறது: கண்ணைக் குத்தாத மேனி நிறம், தடித்த கரை, சின்னப் பொட்டு, வேறு ஆரவாரம் இல்லை. அவரும் ஒரு டிசைனர்தான். பழைய துணியைப் பார்த்துப் புதிய பாணி ஒன்றைக் கண்டவர்களில் தமிழர் மத்தியில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர்.

அதே தமிழ்நாட்டில் பழைய பட்டுச் சீலைகளின் முடிவு பெரும்பாலும் நெருப்பாக இருந்தது. அந்தக் காலச் சரிகை பட்டு நூலில் வெள்ளிக் கம்பி சுற்றி, மேலே தங்கம் பூசியது. கிழிந்த பட்டுச் சீலை வாங்குவோம் என்று கூவிக்கொண்டு தெருவில் வருபவர்கள் அதை வாங்கிக்கொண்டுபோய் எரித்து வெள்ளியை எடுப்பார்கள். எத்தனை கோர்வை, எத்தனை வடிவம் அப்படிப் போயிருக்கும்! இங்கே ஷெல்லிலும் ஓட்டத்திலும் போனது. அங்கே சில நூறு ரூபாய்க்குப் போனது. அதனால் உங்கள் வீட்டில் ஒரு கிழிந்த பட்டு இருந்தால் எடைக்குப் போட முன்னர், குறைந்தது கரையையும் முந்தானையையும் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். உடல் நைந்துபோனாலும் கரை பெரும்பாலும் பிழைத்திருக்கும். வேறு பருத்திச் சீலைக்கு அதைப் பொருத்திக் கட்டலாம்.

நம் கடற்காற்று சரிகைக்கு எதிரி. மாரி தொடங்கினால் பூஞ்சணம். பட்டைக் கம்பியில் தொங்கவிட்டால் மடிப்பில் பிளக்கும். பருத்தித் துணியில் சுற்றி, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். பூச்சி உருண்டை சரிகையில் பட்டால் கறுக்கும். வசம்பைத் துணியில் முடிந்து வைத்தால் போதும்.

படத்தைப் பார்த்துத் தைப்பது

சீலையும் இல்லை, சட்டையும் இல்லை, படம் மட்டும் இருக்கிறவர்கள்? அவர்களுக்கு ஒரு விதத்தில் வசதிதான். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது, பிராண்ட் தெரியாது. அளவு மட்டும் தெரியும். சட்டைக் கை எங்கே முடிகிறது என்று பாருங்கள்: ஐம்பதுகளின் படமென்றால் முழங்கைக்குச் சற்று மேலே, அறுபதுகளின் பிற்பகுதியென்றால் தோளிலிருந்து நான்கு விரல், இறுக்கமாக. கழுத்து வட்டமா, ஓடம் போல அகன்றதா? முந்தானை மடித்துக் குத்தியிருக்கிறதா, விரிந்து விழுகிறதா? கடிகாரம் எந்தக் கையில், பட்டி எவ்வளவு அகலம்? இவற்றில் உங்கள் உடம்புக்குப் பொருந்துகிற ஒன்றை மட்டும் எடுத்தால் போதும். முழுவதையும் எடுத்தால் பாடசாலை நாடகத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருக்கும்.

அடுத்தது தையல்காரர். சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு 1877இலேயே வந்துவிட்டது. கால் மிசினில் பழகிய கைகள் இன்னும் திருகோணமலையில் இருக்கின்றன. அம்மாவின் படத்தை ஃபோனில் கொண்டுபோய் நீட்டிய ஒரு பெண்ணுக்கும் அறுபது கடந்த தையல்காரர் ஒருவருக்கும் நடந்த பேச்சு இது:

“இந்தக் கைக்குக் கிராஸ் கட் வேணும் பிள்ளை. துணி கூடப் போகும். ஒரு மீற்றர் காணாது.”

“கூட வாங்கித் தாறன் அண்ணை.”

“அப்ப சரி. உள்ளுக்குத் துணி விடவோ?”

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் பழைய தையல் இருக்கிறது. முன்பு தைத்த சட்டையின் பக்கத் தையலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஓர் அங்குலத்துக்கு மேல் துணி மடிந்திருக்கும். பிள்ளை பெற்று உடம்பு வைத்தால் விரித்துக்கொள்ளலாம். தங்கைக்குப் போனால் பிடித்துக்கொள்ளலாம். இப்போதைய உடுப்பில் ஓவர்லொக் மிசின் மிச்சத் துணியைத் தைக்கும்போதே வெட்டிவிடுகிறது. அந்த உடுப்பு ஒரே உடம்புக்கு, ஒரே வயதுக்கு.

இதை நம் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1992இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்ததிலிருந்து கிராமப் பெண்கள் மேற்கு நாட்டுப் பிராண்டுகளுக்குத் தைக்கிறார்கள். போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் பெரிய தொழிற்சாலைகள் வந்தன. ஒரு நாளில் ஒரே கொலரை நூற்றுக்கணக்கில் தைக்கிற பெண்ணுக்கு எந்தத் தையல் நிற்கும், எது இரண்டு சலவையில் பிரியும் என்று ஒரு ஃபாஷன் ஆசிரியரைவிடத் துல்லியமாகத் தெரியும். அவர் தனக்கென்று ஒரு சட்டை வெட்டிக்கொள்ள உட்கார்ந்தால் என்ன வரும் என்பதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

புலம்பெயர்ந்த தமிழரில் அப்படி ஒருவர் உட்கார்ந்து பார்த்தார். லண்டனில் வளர்ந்த பாடகி எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் 2013இல் வெர்சஸ் வெர்சாச்சிக்கு ஓர் உடுப்புத் தொகுப்புச் செய்தார். லண்டன் சந்தைகளில் விற்கும் போலி வெர்சாச்சித் துணிகளின் அச்சுகளைப் பார்த்து அந்தத் தொகுப்பை அமைத்தார்; அசல் நிறுவனமே தன் போலியின் நகலைத் தன் பெயரில் விற்றது. துணிச்சலான பகிடி. மாமிமார் சூட்கேஸில் கொண்டுவரும் செகண்ட் ஹான்ட் கோட்டுகளையும் அந்தத் துணிச்சலோடு அணுகலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பழைய உடுப்பின் சைஸ் எண்ணை நம்பக்கூடாது. அன்றைய பன்னிரண்டு இன்றைய எட்டுக்குப் பக்கத்தில் வரும். இஞ்சி நாடாவால் அளந்துவிட்டு ஆசைப்படுங்கள்.

இதையெல்லாம் கையால் தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. திருகோணமலையிலிருந்து தம்புள்ளை ஊடாகக் கண்டிக்குப் போகும் பஸ் மாத்தளைக்குச் சற்று முன்னால் அலுவிகாரையைத் தாண்டிப் போகிறது. எனா டி சில்வா தன் கடைசிக் காலத்தில் வாழ்ந்த, ஊர்ப் பெண்களைச் சேர்த்துப் பத்திக்கும் எம்பிராய்டரியும் செய்வித்த இடம் அது. தலதா மாளிகைக்குப் போகிற அவசரத்தில் எல்லோரும் அதைத் தாண்டிவிடுகிறோம். இறங்கினால், எந்தத் துணியை எடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைப் புரட்டுங்கள். விலையை அதற்குப் பிறகு கேட்கலாம்.